ஐந்து நிமிடம் வரை பொறுக்கும்

நாலேகாலுக்கு யாஸ்னா கூப்பிட்டாள்:
"ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது."
பின்னால் எடைமேடையின் கீச்சொலி,
ரப்பர் பூட்ஸுகளின் நடமாட்டம்,
யாரோ கெட்ட வார்த்தையில் காலை வணக்கம் சொன்னார்கள்.
திங்கட்கிழமை. முதல் ஷிஃப்ட்.
பதினோரு டன் சால்மன் பனிக்கட்டியில் படுத்திருக்கிறது,
அதை மீன் என்று எழுதிக்கொள்ள
ஒரு திரையும் திறக்கவில்லை.

ஜலசந்திக் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது.
போய்ச் சேர்ந்தபோது
எடை போடும் மார்லேனே தன் கடவுச்சொல்லை
எழுத்தெழுத்தாக உரக்கச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தாள்,
கூட்டத்தைச் சாட்சி வைப்பதுபோல.
பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.
அந்த இரண்டு ஓகாரங்களில்தான் எத்தனை சாமர்த்தியம்:
எது தவறு என்று சொல்லாது,
தவறு உன்னுடையது என்று மட்டும் சொல்லும்.

கேபிளைப் பார்த்தேன். பச்சை விளக்கு.
சர்வரை விளித்தேன்; ஒரு மில்லிநொடியில் 'உம்' கொட்டியது.
பெயரைச் சொன்னால் முகவரி வந்தது,
முகவரியைச் சொன்னால் பெயர்.
சான்றிதழுக்கு இன்னும் ஏழு மாதம் ஆயுள்.
டைரக்டரியைத் திறந்து படித்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஓயார்சோக்கள், பாரியாக்கள், மான்சியாக்கள், குழுவாரியாக.
போன மாதம் இறந்த படகோட்டிகூட இருந்தார்;
கணக்கை மூடச் சொல்லி யாரும் எழுதவில்லை.
எல்லோரையும் தெரியும் அதற்கு.
எவரையும் நம்பத்தான் மாட்டேன் என்றது.

"அணைத்துப் போட்டுப் பார்த்தாயா?" என்றார் மேலாளர்.
பார்த்தேன். அதே பிடிவாதம்,
கொஞ்சம் தூங்கி எழுந்த தெம்போடு.

பிறகு பதிவுக்கோப்பு.
ஒரே வரி, நானூறு முறை:
கடிகார வித்தியாசம் மிக அதிகம்.

சுவரைப் பார்த்தேன்: ஐந்து நாற்பது.
சர்வரின் திரையில்: ஐந்து நாற்பது.
என் கைபேசியும் அதையே சொன்னது.
அந்த அறையில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்,
அதைச் சந்தேகிக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

காவலாளி ஒலேகாரியோ நவுவெல்கின்
மாத்தே குவளையோடு வாசலில் நின்றார்.
"ராத்திரி ஒரு மணி பின்னால் ஓடியது, பாவம்.
நான்தான் நேராக வைத்தேன்."

சனி நள்ளிரவில் தலைநகரம் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டது.
தெற்கே நாங்கள் திருப்புவதில்லை.
எங்கள் சர்வரோ
பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து
தன்னைச் சாந்தியாகோவாசி என்றே நினைத்திருக்கிறது.
வெளியே நேரம் கேட்பதை எப்போது நிறுத்தியதோ,
முகத்தில் அவர் திருத்திய மணி;
உள்ளே, கிரீன்விச் கணக்கில்,
ஒரு முழு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.
போர்வெனிர்: வருங்காலம் என்று பொருள் இந்த ஊருக்கு.
பெயரை நம்பிக் குடியேறியது அது ஒன்றுதான்.
ஐந்து நிமிடப் பிசகு என்றால் பொறுக்கும்.
அறுபது நிமிடம் பழைய அனுமதிச்சீட்டை நீட்டுகிறவன்
அதன் கண்ணுக்குத் திருடன்.

மண்டலத்தை மாற்றினேன். மணியைப் பின்னிழுத்தேன்.
ஐந்து ஐம்பத்தெட்டு இருந்த இடத்தில்
ஐந்து ஐம்பத்தெட்டு.
கூடத்திலிருந்து மார்லேனே கத்தினாள்: "விட்டுவிட்டது!"

அந்தத் திரையை வெள்ளிக்கிழமை பூட்டாமல் போனவள் நான்.
ஒலேகாரியோ அதைச் சொல்லவில்லை,
எப்படி உள்ளே போனீர்கள் என்று நானும் கேட்கவில்லை.
அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
'மனிதத் தவறு' என்ற தேர்வை அம்புக்குறி இருமுறை கடந்தது.
சாந்தியாகோ என்று தட்டினேன்.
மேலாளர் படித்துத் தலையாட்டினார்;
இங்கே அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆறு ஐம்பதுக்கு ஒலேகாரியோ
அட்டையைத் தேய்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.
கோப்பின் கணக்கில்
அந்த நிமிடம் ஏற்கனவே ஒருமுறை வந்து போனது.
அந்தத் தடவை அவர்
வாசலில் நின்று
எனக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டிருந்தார்.